ஏணியும் அட்டையும்: தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் – ஒரு நிகழ்வு ஆய்வு

2003-இல் சென்னை மாநகராட்சியின் 13 பள்ளிகளில் ஒரு புதிய கற்பித்தல் முறை தொடங்கியது. 2007-08 கல்வியாண்டில் அது தமிழ்நாட்டின் 37,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. செயல்வழிக் கற்றல் என்பது அதன் பெயர். ஆசிரியர்கள் வாயில் அது ஏபிஎல் (Activity Based Learning). பாடத்தைச் சிறு சிறு அட்டைகளாகப் பிரித்து, சுவரிலுள்ள ஏணிப்படம் காட்டும் வரிசையில் ஒவ்வொரு குழந்தையும் தன் வேகத்தில் அவற்றை முடித்து ஏறிப்போவதுதான் முறை. ஒரு மாநிலம் முழுக்க, நான்கே ஆண்டுகளில், ஒன்றாம் வகுப்பிலிருந்து நான்காம் வகுப்புவரை குழந்தைகள் உட்காரும் விதமும் படிக்கும் விதமும் ஒருசேர மாறியது சாதாரண விஷயமில்லை. வேறு மாநிலங்களிலிருந்து அதிகாரிகளும் ஆசிரியர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள்.

பத்தாண்டு கழித்து அதே பள்ளிகளுக்குப் போனால் ஏணிப்படம் சுவரில் இருக்கும், அட்டைகள் அலமாரியில் இருக்கும், பாடம் புத்தகத்தில் நடக்கும்.

என்ன நடந்தது? "நல்ல திட்டம், ஆசிரியர்கள் ஒத்துழைக்கவில்லை" என்று ஒரு தரப்பு சொல்கிறது. "நம் ஊருக்கு ஒத்துவராத திட்டம், மேலிருந்து திணித்தார்கள்" என்று இன்னொரு தரப்பு சொல்கிறது. இரண்டையும் நான் ஏற்கவில்லை. ஒரே வகுப்பில் இருக்கும் குழந்தைகள் ஒரே நிலையில் இல்லை என்ற அதன் அடிப்படை முழுக்கச் சரி. அட்டையை எழுதவும் திருத்தவும் ஆசிரியருக்கு இருந்த உரிமை எப்போது போனதோ, அப்போதுதான் முறை உயிரிழக்கத் தொடங்கியது. இந்த ஆய்வு அதைத்தான் விளக்க முயல்கிறது.

எங்கிருந்து வந்தது

ஆந்திரத்தில் மதனப்பள்ளி அருகே ரிஷி பள்ளத்தாக்கு. ஜே. கிருஷ்ணமூர்த்தியின் சிந்தனையில் உருவான உறைவிடப் பள்ளி அங்கே இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள சிற்றூர்களுக்காக அதே நிறுவனம் ஓராசிரியர் பள்ளிகளை நடத்தியது. ஒரே அறை, ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்புப் பிள்ளைகள். ஒரு வகுப்புக்குப் பாடம் நடத்தினால் மற்ற நான்கும் சும்மா இருக்கும். இந்தச் சிக்கலுக்கு விடை தேடித்தான் அந்தப் பள்ளிகளில் பணியாற்றிய பத்மநாப ராவும் ரமாவும் பாடநூலைப் பிரித்துச் சிறு சிறு அட்டைகளாக்கி, அவற்றை ஏணி போல வரிசைப்படுத்தினார்கள். அவர்களுக்கும் முன்னோடி உண்டு. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் கல்வியாளர் டேவிட் ஹார்ஸ்பரோ 1972-இல் தொடங்கிய நீல்பாக் பள்ளியில் வயதுவாரிப் பிரிவும் இல்லை, தேர்வும் இல்லை.

தமிழ்நாட்டுக்கு இந்த முறை வந்ததில் எம். பி. விஜயகுமார் என்ற ஆட்சிப்பணி அதிகாரிக்குப் பெரும் பங்கு உண்டு. வேலூர் மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, கொத்தடிமைத் தொழிலிலிருந்து மீட்கப்பட்ட குழந்தைகளின் பள்ளிகளில் இதை முயன்று பார்த்தவர் அவர். பத்து வயதில் முதன்முதலாகப் பள்ளிக்கு வரும் பையனை எந்த வகுப்பில் உட்கார வைப்பது? ஒன்றாம் வகுப்பில் வைத்தால் கூச்சம், ஐந்தில் வைத்தால் ஒன்றும் புரியாது. ஏணி இதற்கு வழி காட்டியது. பிறகு அவர் சென்னை மாநகராட்சி ஆணையரானார். மாநகராட்சி ஆசிரியர்கள் ரிஷி பள்ளத்தாக்குக்குப் போய்ப் பார்த்தார்கள், திரும்பி வந்து தமிழுக்கும் நம் பாடத்திட்டத்துக்கும் ஏற்ப அட்டைகளை அவர்களே உருவாக்கினார்கள். இந்த ஆய்வுக்கு இதுதான் முக்கியமான செய்தி. 13 பள்ளிகளில் முறை வேரூன்றியபோது, அட்டையை எழுதியவர்களும் அதை வகுப்பில் பயன்படுத்தியவர்களும் ஏறக்குறைய ஒரே ஆட்கள்.

ஏணிக்குள்ளே

பார்த்திராதவர்களுக்காக வகுப்பறையைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெஞ்சு கிடையாது, பாய். சுவரைச் சுற்றிக் கீழே, குழந்தையின் கை எட்டும் உயரத்தில் கரும்பலகை. அதில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஓர் இடம். தலைக்கு மேலே கம்பிப் பந்தல். குழந்தைகள் வரைந்ததும் எழுதியதும் அதில் தொங்கும். வருகைப் பதிவைக் குழந்தையே குறித்துக்கொள்ளும். அன்றைய வெயிலா மழையா என்பதையும் குழந்தைகளே அட்டவணையில் குறிப்பார்கள்.

ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் ஏணிப்படம். ஏணியில் மைல்கற்கள், மைல்கல்லுக்குள் படிகள். ஒவ்வொரு படிக்கும் ஒரு சின்னமும் எண்ணும் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைகூடச் சின்னத்தைப் பார்த்துத் தன் அட்டையைத் தட்டிலிருந்து எடுத்துவிடும். படிகள் ஓர் ஒழுங்கில் போகும்: அறிமுகம், வலுவூட்டல், பயிற்சி, பிறகு மதிப்பீடு. மதிப்பீட்டில் தடுமாறினால் குறைதீர் அட்டை, தேறினால் வளமூட்டும் அட்டை. அதை முடித்தால் அடுத்த மைல்கல். குழுக்கள் ஆறு. முழுக்க ஆசிரியர் உதவியோடு கற்கும் குழு ஒன்று, ஓரளவு ஆசிரியர் உதவியோடு கற்கும் குழு ஒன்று. சக மாணவர் உதவியோடு கற்பதிலும் அதேபோல் முழுமையாக, ஓரளவு என இரண்டு. தானே கற்கும் குழு ஒன்று, மதிப்பீட்டுக் குழு ஒன்று. எந்த அட்டையை எடுத்தோமோ அதன் சின்னம் எந்தக் குழுவைக் காட்டுகிறதோ அங்கே போய் உட்கார வேண்டும்.

தமிழ் ஏணி அ, ஆ என்ற நெடுங்கணக்கு வரிசையில் தொடங்கவில்லை. ட, ப, ம போன்ற எளிய வடிவ எழுத்துகளை முன்னால் வைத்தது. இதற்குப் பின்னால் நல்ல காரணம் இருந்தது. 'அ' எழுதுவது ஐந்து வயதுக் கைக்குக் கடினம். சுழி, வளைவு, கோடு எல்லாம் அதில் ஒன்றாக வருகிறது. 'ட' இரண்டே கோடு. ட, ப, ம மூன்றும் தெரிந்து, ஒரு புள்ளி வைக்கவும் தெரிந்துவிட்டால் படம், மடம், பட்டம் என்று வாசிக்கலாம். 247 எழுத்தையும் முடித்துவிட்டுத்தான் சொல்லுக்கு வர வேண்டும் என்ற கட்டாயம் போகிறது. முதல் சில வாரங்களிலேயே ஒரு குழந்தை ஒரு முழுச் சொல்லைத் தானாக வாசித்துவிட்டு நிமிர்ந்து பார்க்கும் பாருங்கள், அந்த முகத்துக்காகவே இந்த வரிசையை நான் ஆதரிப்பேன்.

வீட்டில் கதை வேறு. "புள்ள ஒன்னாவது போயி இத்தனை மாசமாச்சு, அ, ஆ சொல்லத் தெரியலையே டீச்சர்?" என்று அம்மாக்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அவர்களுக்குத் தெரிந்த ஒரே அளவுகோல் அதுதான். அதை மாற்றப்போகிறோம் என்று யாரும் அவர்களிடம் சரியாக உட்கார்ந்து பேசவில்லை. பக்கத்து நர்சரிப் பள்ளிப் பிள்ளை ஏ, பி, சி, டி சொல்கிறது. இந்தப் பிள்ளை பாயில் உட்கார்ந்து அட்டை அடுக்குகிறது. இந்த ஒப்பீட்டில் அரசுப் பள்ளி தோற்றுப்போனது.

கிடைத்தவை

முதலில், பயம் குறைந்தது. ஆசிரியர் பாயில் வந்து உட்கார்ந்ததும் குழந்தை அவர் தோளைத் தொட்டுப் பேசியது. பிரம்பு இல்லாத வகுப்பு என்பது சுற்றறிக்கையில் மட்டும் இருந்த காலத்தில், அதற்கேற்ற உட்காரும் முறையைச் செயல்வழிக் கற்றல் கொண்டுவந்தது.

இரண்டாவது, விட்டுப்போன நாள்கள். இது பலருக்குச் சின்ன விஷயமாகத் தோன்றலாம், எனக்கு அப்படி இல்லை. வட மாவட்டங்களில் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய் மாதக்கணக்கில் தங்கிவிட்டு வரும் பிள்ளைகள் ஏராளம். பழைய முறையில் அந்தப் பிள்ளை திரும்பி வரும்போது வகுப்பு ஏழாவது பாடத்தில் இருக்கும், பிள்ளை மூன்றாவது பாடத்தில் இருக்கும். இடையிலுள்ள நான்கு பாடம் அதன் வாழ்நாள் முழுவதும் ஓட்டையாகவே நிற்கும். ஏணியில் அது எந்தப் படியில் விட்டுப் போனதோ அந்தப் படியிலிருந்தே தொடரலாம். கலைத்திட்டம் குழந்தைக்காகக் காத்திருந்தது என்று சொன்னால் மிகையில்லை.

எங்கே விரிசல் விட்டது

ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். 42 – 17. இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பலர் இதற்கு 35 என்று விடை எழுதுவார்கள். கவனக்குறைவு என்று அதைத் தள்ளிவிட முடியாது. ஒன்றின் இடத்தில் 2-இலிருந்து 7 போகாது. ஆனால் 7-இலிருந்து 2 போகும். "பெரியதிலிருந்து சின்னதைக் கழி" என்று முன்பு சொல்லிக்கொடுத்ததைக் குழந்தை ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறது. 5 வருகிறது. பத்தின் இடத்தில் 4-இலிருந்து 1 போனால் 3. ஆக 35. தவறான விடைக்குள் ஒரு முறையான சிந்தனை இருக்கிறது.

செயல்வழிக் கற்றலில் இந்தப் பிள்ளை மதிப்பீட்டு அட்டையில் தேறாது. குறைதீர் அட்டைக்குப் போகும். அங்கே 53 – 28 இருக்கும். அதையும் அதே வழியில் போட்டு 35 என்றே எழுதும். அட்டையால் 'தவறு' என்று சொல்ல முடியும். "எப்படிக் கண்ணு வந்துச்சு? சொல்லு பார்ப்போம்" என்று அட்டையால் கேட்க முடியாது. அதைக் கேட்க ஓர் ஆள் வேண்டும். கேட்டபிறகு பத்துக் குச்சிக் கட்டு நான்கையும் உதிரிக் குச்சி இரண்டையும் பாயில் வைத்து, "ஏழு எடு" என்று சொல்ல வேண்டும். பிள்ளை உதிரியைப் பார்க்கும், போதாது என்று தெரியும், தானே ஒரு கட்டை அவிழ்க்கும். அந்த அவிழ்ப்பில்தான் 'கடன் வாங்குதல்' என்ற சொல்லுக்கு அர்த்தம் பிறக்கிறது. இதற்கு ஒரு குழந்தைக்கு ஐந்தாறு நிமிடம் ஆகும்.

அந்த ஐந்தாறு நிமிடம் ஆசிரியரிடம் இருந்ததா? பெரும்பாலும் இல்லை. ஆறு குழுக்களில் முழு ஆசிரியர் உதவி கிடைப்பது ஒன்றுக்கு. தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் கணிசமானவை ஈராசிரியர் பள்ளிகள். 2010-இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டமும் 60 பிள்ளைகள்வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது. அந்த இருவரில் ஒருவர் தலைமையாசிரியர். வட்டார அலுவலகக் கூட்டம், புள்ளிவிவரப் படிவம், சத்துணவுக் கணக்கு, வாக்காளர் பட்டியல் வேலை எல்லாம் அவர் தலையில். அவர் அந்த வேலைகளுக்குப் போகும் அன்றைக்கு மொத்தப் பள்ளிக்கும் ஒரே ஆசிரியர்தான். அப்போது அட்டைதான் பாடம் நடத்த வேண்டியிருந்தது. ஆசிரியரின் சுமையைக் குறைத்து, தேவைப்படும் குழந்தையிடம் அவரை அனுப்புவதற்காக வந்த கருவி, ஆசிரியர் இல்லாத இடத்தை நிரப்பும் கருவியாகிவிட்டது.

வாசிப்பிலும் இதே கதை. தமிழில் எழுதும் வரிசையும் ஒலிக்கும் வரிசையும் எல்லா இடத்திலும் ஒத்துப்போவதில்லை. 'கொ' என்பதில் கண் முதலில் பார்ப்பது ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். காதில் விழுவதோ க் முதலில், ஒ பின்னால். இந்த இடத்தில் தடுக்கி விழும் குழந்தை 'கொடி'யைக் 'கெ… கா… டி' என்று துண்டு துண்டாகப் படிக்கும். பக்கத்தில் உட்கார்ந்து, விரல் வைத்து, மூன்றையும் சேர்த்து ஒரே எழுத்தாகப் பார்க்கச் சொல்லிக்கொடுத்தால் சில நாளில் சரியாகிவிடும். சக மாணவர் குழுவில் அதே தடுமாற்றம் உள்ள இன்னொரு பிள்ளை பக்கத்தில் இருந்தால்? இருவரும் அட்டையை முடித்துவிட்டு அடுத்த படிக்குப் போய்விடுவார்கள்.

இனி அட்டையின் கதைக்கு வருகிறேன். 13 பள்ளிகளில் ஓர் அட்டை சரிவரவில்லை என்றால், அதை எழுதிய ஆசிரியரே மாற்றி எழுதலாம். 37,000 பள்ளிகளுக்கு ஒரே மாதிரி அச்சடித்துப் பெட்டி பெட்டியாக அனுப்பியபிறகு அது முடியாமல் போனது. பார்வையிட வந்த அலுவலர்கள் பார்த்தது ஏணிப்படம் இருக்கிறதா, கம்பிப் பந்தலில் ஏதாவது தொங்குகிறதா, ஆசிரியர் பாயில் உட்கார்ந்திருக்கிறாரா, பதிவேடு நிரப்பப்பட்டிருக்கிறதா. பிள்ளையை அழைத்து, "இதை வாசி பாப்பா" என்று கேட்டவர்கள் குறைவு. அளவில் வளரும்போது கண்ணுக்குத் தெரிவது மட்டுமே பரவும். ஆசிரியரின் தீர்ப்பு பரவாது, அதை ஒவ்வொரு பள்ளியிலும் தனித்தனியாக வளர்க்க வேண்டும். நான்கு நாள், ஐந்து நாள் பயிற்சியில் அது வளராது.

அப்புறம் அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. மூன்றாவது மைல்கல்லில் இரண்டு அட்டை காணோம் என்றால் ஏணியில் அங்கே படி இல்லை. நல்ல ஆசிரியர்கள் பழைய காலண்டர் அட்டையில் கையால் எழுதி வைத்துக்கொண்டார்கள். முறையின் உண்மையான உணர்வு அந்தக் கையெழுத்து அட்டைகளில்தான் இருந்தது என்பேன். அவை திட்டத்தின் எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பாடநூல் திரும்பி வந்தது

2010-11-இல் சமச்சீர்க் கல்வி ஒன்றாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் வந்தது. மற்ற வகுப்புகளுக்கு 2011 ஆகஸ்ட் 9 அன்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபிறகு. மாநில வாரியம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்காகப் பிரிந்து கிடந்த பாடத்திட்டம் ஒன்றானது. சமூக நீதி நோக்கில் அதன் மதிப்பு மிகப் பெரியது. ஆனால் தொடக்க வகுப்பில் ஒரு புதுச் சிக்கல் வந்து சேர்ந்தது. மாநிலம் முழுவதும் பேசப்பட்ட வண்ணப் பாடநூல் ஒரு கையில், பழைய ஏணி இன்னொரு கையில். 2012-13-இல் முப்பருவ முறையும் தொடர் மற்றும் முழுமையான மதிப்பீடும் வந்தன. பருவத்துக்கு ஒரு புத்தகம் என்றால், பருவ முடிவில் அந்தப் புத்தகம் முடிந்தாக வேண்டும். குழந்தைக்குக் குழந்தை வேறுபடும் வேகமும், எல்லோருக்கும் ஒரே நாளில் முடியும் பருவமும் ஒரே அறையில் இருக்க முடியாது. எளிமையாக்கப்பட்ட செயல்வழிக் கற்றல் என்று இடையில் ஒரு சமரசம் முயலப்பட்டது. ஆசிரியர்கள் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. கேள்வி கேட்கப்பட்டது புத்தகத்திலிருந்து.

எண்ணும் எழுத்தும்

2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் ஒன்று முதல் எட்டு வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. 2020 ஜூனில் ஒன்றாம் வகுப்பில் பெயர் எழுதிய பிள்ளை முதன்முதலில் வகுப்பறைக்குள் கால் வைத்தபோது அது இரண்டாம் வகுப்பில் இருந்தது. 2022 ஜூனில் மூன்றாம் வகுப்பு. நாடு முழுக்க இதே நிலைதான். ஊரகக் குழந்தைகளின் வாசிப்பையும் கணக்கையும் வீடு வீடாகப் போய் அளக்கும் அசர் (ASER) ஆய்வின்படி, மூன்றாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த ஊரகக் குழந்தைகள் 2018-இல் 27.3 விழுக்காடு, 2022-இல் 20.5. தமிழ்நாடு அந்தச் சராசரிக்கும் கீழே இருந்தது.

2022 ஜூன் 13 அன்று திருவள்ளூர் மாவட்டம் அழிஞ்சிவாக்கத்தில் எண்ணும் எழுத்தும் இயக்கம் தொடங்கியது. 2025-க்குள் எட்டு வயதுக்குட்பட்ட எல்லாக் குழந்தைகளும் பிழையின்றி எழுதவும் படிக்கவும் அடிப்படைக் கணக்குப் போடவும் வேண்டும் என்பது அப்போதைய இலக்கு. முதலில் ஒன்று முதல் மூன்று வகுப்புகள். அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும். குழந்தைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்து, அந்தந்த நிலைக்குப் பயிற்சி நூல் தந்தார்கள். வகுப்பறையில் கதைக் களம், பாடல் களம், பொம்மலாட்டக் களம், படைப்புக் களம் என்று தனி இடங்கள் உருவாயின.

இதில் செயல்வழிக் கற்றலின் அடிப்படை திரும்பி வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். மூன்றாம் வகுப்பில் இருப்பதால் மட்டுமே ஒரு பிள்ளை மூன்றாம் வகுப்பு நிலையில் இருந்துவிடாது என்பதை அரசே மறுபடி ஒப்புக்கொண்டது. நூறு படிகளுக்குப் பதில் மூன்று நிலை என்பதால் ஆசிரியரால் மூன்று குழுக்களோடும் ஒரே நாளில் பேச முடிகிறது. கதையும் பாட்டும் முழு வகுப்பும் சேர்ந்து செய்வதாக வைத்தது இன்னொரு நல்ல திருத்தம். ஏணி முறையில் குழந்தைகள் சேர்ந்து ஒரு கதையைக் கேட்டுச் சிரிக்கும் நேரம் மிகவும் குறைந்திருந்தது. மொழி வளர்வது அந்த நேரத்தில்தான்.

பழைய நோய் ஒன்றும் கூடவே வந்திருக்கிறது. அன்று பதிவேடு, இன்று செயலி. மதிப்பீட்டை ஒவ்வொரு குழந்தைக்கும் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். இணையம் மெதுவான ஊரில் ஒரு மதிய நேரம் அதிலேயே போய்விடும். 35 என்று எழுதிய பிள்ளையிடம் கேட்டிருக்க வேண்டிய ஐந்து நிமிடம் இங்கே செலவாகிறது. செயலிக்குள் போவது சரி, தவறு என்ற குறி; அந்த 35 எப்படி வந்தது என்பது அதற்குள் போவதில்லை.

செய்யக்கூடியவை

பெரிய புதுத் திட்டம் எதையும் நான் கேட்கவில்லை. பயிற்சி நூலில் ஒவ்வொரு அலகின் முடிவிலும் இரண்டு பக்கம் வெறுமையாக விட்டு, அந்தப் பள்ளி ஆசிரியர் தன் பிள்ளைகளுக்காகத் தானே எழுதும் பயிற்சிக்கு ஒதுக்கலாம். வட்டாரக் கல்வி அலுவலரின் பார்வைப் படிவத்தில் சுவரைப் பற்றிய கேள்விகளைக் குறைத்துவிட்டு, மூன்று குழந்தைகளை வாசிக்கச் சொல்லிக் கேட்பதைக் கட்டாயமாக்கலாம். பெற்றோர் கூட்டத்தில், இந்த வரிசையில் ஏன் எழுத்து கற்றுத்தருகிறோம் என்பதை அம்மாக்களுக்கு ஒரு பிள்ளையை வாசிக்க வைத்தே காட்டலாம். பேச்சைவிட அது நன்றாகப் புரியவைக்கும்.

எல்லாவற்றையும்விட அவசரமானது, பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் ஒன்றாகக் கூடும் குறுவள மையக் கூட்டம். இப்போது அதில் பெரும்பகுதி மேலிருந்து வரும் காணொளியைப் பார்ப்பதிலும் அறிவிப்புகளைக் குறித்துக்கொள்வதிலும் போகிறது. அதில் ஒரு மணி நேரத்தைப் பிள்ளைகளின் நோட்டுக்கு ஒதுக்க வேண்டும். ஒவ்வொரு ஆசிரியரும் தன் வகுப்பிலிருந்து ஒரே ஒரு தவறான விடையைக் கொண்டுவரட்டும். அது எப்படி வந்திருக்கும், மறுநாள் அந்தப் பிள்ளையிடம் என்ன கேட்பது, எந்தப் பொருளைக் கையில் கொடுப்பது என்று பத்துப் பன்னிரண்டு ஆசிரியர்கள் சேர்ந்து பேசட்டும். அந்தப் பேச்சிலிருந்து வரும் பயிற்சியை அவர்களே ஓர் அட்டையில் எழுதி, அன்று மாலையே தங்கள் பள்ளிக்கு எடுத்துப் போகட்டும். அந்த ஒரு மணி நேரத்துக்குப் பதிவேடும் வேண்டாம், படமெடுத்து அனுப்பவும் வேண்டாம்.